எடுக்கப்படாத அழைப்பு: மேலாளர்களின் உழைப்பு நெறியில் தலைமுறை வேறுபாடு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

குளிர்பதனக் கிடங்குகளின் இயந்திரங்களைப் பராமரித்துத் தரும் ஒரு நடுத்தர நிறுவனத்தில், ஆண்டுப் பணி மதிப்பீட்டையொட்டி எழுந்த தகராறு ஒன்றே இந்த ஆய்வின் பொருள். 31 வயது மேலாளர் ஒருவரின் மதிப்பீட்டுப் படிவத்தில் ‘ஈடுபாடு’ என்ற தலைப்புக்கு எதிரே ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் இட்டு, இது இந்தத் தலைமுறைக்கே உரிய பொறுப்பின்மை என்று அவருடைய மேலதிகாரி குறிப்பு எழுதியிருந்தார். படிவத்தில் கையெழுத்திட இளையவர் மறுத்தார். மனிதவளத் துறை இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் அழைத்துப் பேசிப் பார்த்தது, தீரவில்லை. வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று அந்தப் பணி என்னிடம் வந்து சேர்ந்தது. நிறுவனத்தையும் மனிதர்களையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நிகழ்ச்சிகள் நடந்த வரிசையையும் அவற்றுக்கிடையிலான தொடர்பையும் மாற்றவில்லை.

மூன்று மேலாளர்கள்

தகராறு இருவருக்கிடையில்தான் என்றாலும் கதையில் மூவர் உண்டு. செயல்பாட்டு மேலாளருக்கு 59 வயது. மெக்கானிக்காகச் சேர்ந்து, இரவு ஷிப்டுகளில் கைகள் கறுக்க வேலை பார்த்து, படிப்படியாக மேலே வந்தவர். கள சேவை மேலாளருக்கு 44 வயது. பழுது நீக்கும் குழுக்கள் அனைத்தும் அவருடைய பொறுப்பு. பராமரிப்புத் திட்ட மேலாளருக்கு 31 வயது. பொறியியல் படித்துவிட்டு வேறொரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, இங்கே நேரடியாக மேலாளர் நிலையிலேயே சேர்ந்தவர். எந்த இயந்திரத்தை எப்போது நிறுத்தி எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அளவீடுகளைப் பார்த்து முன்கூட்டியே சொல்வது இவருடைய வேலை. இளையவர் இருவரும் செயல்பாட்டு மேலாளரின் கீழ் வருகிறார்கள்.

திட்ட மேலாளர் மாலை ஆறு மணிக்கு இருக்கையை விட்டு எழுந்துவிடுவார் என்பதும், செயல்பாட்டு மேலாளரின் அறையில் எட்டரை வரை விளக்கு எரியும் என்பதும் அலுவலகம் முழுவதற்கும் தெரிந்த செய்திகள். நடு வயதுக்காரர் எப்போது வருகிறார், எப்போது போகிறார் என்று நான் கேட்டபோது யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. அவர் பெரும்பாலும் வெளியிலேயே இருப்பவர்.

சனிக்கிழமை இரவு

மருந்துகள் சேமித்து வைக்கப்பட்டிருந்த ஒரு வாடிக்கையாளர் கிடங்கில், ஒரு சனிக்கிழமை இரவு 9.40 மணிக்கு அலாரம் ஒலித்தது. அங்கே வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருந்தாக வேண்டும். கம்ப்ரசர் ஒன்றை இயக்கும் மோட்டாரின் பேரிங் தேய்ந்து இறுகி, மோட்டார் நின்றுவிட்டிருந்தது. மாற்று இயந்திரம் தானாக ஓடத் தொடங்கியும் அதனால் தனியே சுமையைத் தாங்க முடியவில்லை; வெப்பநிலை மெல்ல ஏறியது. எந்தெந்தப் பாகம் எந்தக் கிடங்கில் இருப்பில் உள்ளது, மோட்டாரின் விவரக் குறிப்பு என்ன என்பதெல்லாம் திட்ட மேலாளரின் கோப்பில் இருந்ததால், செயல்பாட்டு மேலாளர் அவரை நான்கு முறை அழைத்தார். அழைப்பு எடுக்கப்படவில்லை. கைபேசியை ஒலியில்லாமல் வைத்துவிட்டு அவர் குடும்பத்தோடு இருந்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் பார்த்தார்.

செயல்பாட்டு மேலாளர் தாமே கிளம்பிப் போனார். உதிரி மோட்டார் ஒன்று வந்து சேர்ந்தது. இரண்டு மெக்கானிக்குகளுடன் நின்று, விடியற்காலை மூன்றரை மணிக்கு அதைப் பொருத்தி ஓட வைத்தார். வெப்பநிலை 7.6 டிகிரி வரை ஏறி இறங்கியது, மருந்துகள் தப்பின. திங்கட்கிழமை வாடிக்கையாளரிடமிருந்து அவர் பெயரைக் குறிப்பிட்டு நன்றிக் கடிதம் வந்தது. அடுத்த வாரம்தான் மதிப்பீட்டுப் படிவங்களை நிரப்ப வேண்டிய வாரம். அந்த இரவின் சூடு ஆறுவதற்குள் எழுதப்பட்ட குறிப்பு அது என்பதை அவரும் என்னிடம் மறுக்கவில்லை.

இரு தரப்பு

மூத்தவரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வாடிக்கையாளரின் பொருள் கெட்டுப்போகும் நிலையில் கடிகாரம் பார்ப்பவர் இந்தத் தொழிலுக்கு ஏற்றவரல்லர் என்பது அவர் நிலை. மேலாளர் என்ற பதவிக்குச் சம்பளம் மட்டுமல்லாமல் அழைத்தவுடன் எழுந்து வரும் கடமையும் உண்டு என்றும், தம் காலத்தில் யாரும் நேரத்தைக் கணக்குப் பார்த்ததில்லை என்றும் அவர் சொன்னார். அந்தக் கடைசிச் சொற்றொடரை என் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டுக் கொண்டேன். அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இளையவர் அதிகம் பேசவில்லை. மூன்று ஆவணங்களை எடுத்து வைத்தார். முதலாவது, அதே மோட்டாரின் அதிர்வு அளவு மூன்று மாதங்களாகத் தொடர்ந்து ஏறிவருவதைக் காட்டும் பதிவு. இரண்டாவது, பேரிங்கை மாற்ற நான்கு மணி நேரம் இயந்திரத்தை நிறுத்த அனுமதி கேட்டு, அந்தச் சனிக்கிழமைக்கு ஐந்து வாரங்களுக்கு முன் செயல்பாட்டு மேலாளருக்கு அனுப்பிய கோரிக்கை. வாடிக்கையாளருக்கு இது நெருக்கடியான பருவம் என்பதால் அது தள்ளிவைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது, வார இறுதிகளில் யார் அழைப்புக்குப் பொறுப்பு என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் அட்டவணைக்கான முன்மொழிவு. நான்கு மாதங்களாக அதற்குப் பதில் இல்லை. தம் சொல் கேட்கப்பட்டிருந்தால் அந்த இரவே நேர்ந்திருக்காது என்றும், நேராமல் தடுத்த இரவுகளுக்கு யாரும் நன்றிக் கடிதம் எழுதுவதில்லை என்றும் அவர் சொன்னார்.

இதைக் கேட்டவுடன் இளையவர் பக்கம் சாய்ந்துவிடத் தோன்றும்; எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த இரண்டாவது ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படித்தபோது, பேரிங் கோரிக்கை 22 வரிகள் கொண்ட அட்டவணையில் 14 ஆவது வரியாக இருந்தது. அவசரம் என்ற குறி இல்லை. பின்தொடர்ந்து ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லை. அனுப்பியதோடு தம் வேலை முடிந்துவிட்டது என்று அவர் கருதியிருக்கிறார். ஆபத்தை முதலில் பார்த்தவர் அதை உரக்கச் சொல்லவும் கடமைப்பட்டவர் என்பது என் கருத்து. அதை இளமைக் குறைபாடு என்று எழுதினால், கோரிக்கையை ஐந்து வாரங்கள் மேசையில் வைத்திருந்ததை முதுமைக் குறைபாடு என்று எழுத வேண்டிவரும்.

‘தலைமுறை’ என்ற சொல் எவ்வளவு விளக்குகிறது

பிறந்த ஆண்டு மனிதரை ஓரளவு வடிவமைக்கிறது என்பது பொய்யல்ல. இளம் பருவத்தில் ஒரே வரலாற்று நிகழ்ச்சிகளின் நடுவே வளர்ந்தவர்களிடம் ஒத்த பார்வை உருவாகலாம் என்பதைச் சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1928 இல் விரிவாக வாதிட்டார். ஆனால் ஒரே ஆண்டில் பிறந்ததால் மட்டும் அது நிகழ்ந்துவிடாது என்பதையும் அவரே சொன்னார். பிற்காலத்தில் மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளுக்கு வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டுமே. இன்று பரவலாக வழங்கும் அமெரிக்கப் பிரிவினையில் 1946 முதல் 1964 வரை ஒரு தலைமுறை, 1965 முதல் 1980 வரை மற்றொன்று, 1981 முதல் 1996 வரை இன்னொன்று. நம் செயல்பாட்டு மேலாளர் பிறந்தது 1964 இல். ஓராண்டு தாமதித்துப் பிறந்திருந்தால், தம்மைவிடப் பதினைந்து வயது இளையவரான சேவை மேலாளருடன் ஒரே தலைமுறையில் சேர்ந்திருப்பார்!

உழைப்பு நெறி என்பதும் ஒற்றைப் பொருள் அல்ல. 2002 இல் மில்லர், வோர், ஹட்ஸ்பெத் ஆகிய மூவரும் வெளியிட்ட 65 கூற்றுகள் கொண்ட அளவுகோல் அதை ஏழு கூறுகளாகப் பிரிக்கிறது: தற்சார்பு, நேர்மை, ஓய்வு குறித்த மனநிலை, கடின உழைப்பில் நம்பிக்கை, வாழ்க்கையில் வேலைக்குத் தரும் மைய இடம், நேரத்தை வீணாக்காமை, பலனுக்காகக் காத்திருக்கும் பொறுமை. இந்த ஏழையும் மனத்தில் வைத்து நம் மேலாளர்கள் இருவரையும் பார்த்தால், ஒருவர் கூடியவர், மற்றவர் குறைந்தவர் என்று சொல்ல இயலவில்லை. வேலையை வாழ்க்கையின் நடுவில் வைப்பதில் மூத்தவர் முன்னே நிற்கிறார். முடிவெடுக்கப்படாத இரண்டு மணி நேரக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதை ஒழுக்கக்கேடாகவே கருதும் இளையவர், நேரத்தை வீணாக்காமையில் முன்னே நிற்கிறார். படிவத்தில் இருந்ததோ ‘ஈடுபாடு’ என்ற ஒற்றைச் சொல். அதில் மூத்தவருக்குப் பழக்கமான கூறு மட்டுமே அளக்கப்பட்டது.

பெருந்தொகுப்பு ஆய்வுகளும் தலைமுறைக் கதைக்கு அதிகம் இடம் தரவில்லை. பணி மனப்பான்மைகளில் தலைமுறை வேறுபாடு குறித்த 20 ஆய்வுகளைத் தொகுத்துக் கான்ஸ்டான்சாவும் குழுவினரும் 2012 இல் வெளியிட்ட பகுப்பாய்வில், வேறுபாடுகள் பெரும்பாலும் சிறியவை, பல இடங்களில் ஏறத்தாழ இல்லை என்றே தெரியவந்தது. உழைப்பு நெறியை மட்டும் எடுத்துக்கொண்டு 77 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த சேபல் குழுவினரின் 2017 ஆம் ஆண்டுக் கட்டுரை, தலைமுறையின் பாதிப்பு எதையும் காணவில்லை. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2020 இல் அளித்த அறிக்கை, பணியாளர் நிர்வாகத்துக்குத் தலைமுறைப் பிரிவுகளை அடிப்படையாகக் கொள்வதை ஆய்வுகள் தாங்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது.

இதற்கு மாறான சான்றையும் மறைப்பது முறையல்ல. அமெரிக்கப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களிடம் 1976, 1991, 2006 ஆகிய ஆண்டுகளில் கேட்கப்பட்ட ஒரே வகைக் கேள்விகளை ஒப்பிட்ட ட்வெங்கி குழுவினர், ஓய்வுக்குத் தரும் மதிப்பு ஏறியிருப்பதையும், வேலையை வாழ்க்கையின் மையமாகக் கொள்வது குறைந்திருப்பதையும் 2010 இல் காட்டினார்கள். ஒரே வயதினரை வெவ்வேறு காலங்களில் கேட்டதால் இந்த ஆய்வுக்குத் தனி வலிமை உண்டு. 59 வயதுக்காரரையும் 31 வயதுக்காரரையும் ஒரே நாளில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போது, தெரியும் வேறுபாடு வயதால் வந்ததா, பிறந்த காலத்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. நிகழும் ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. மூன்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் மூன்றாவது தானாகவே நிர்ணயமாகிவிடும். இது புள்ளியியலில் தீராத சிக்கல். இருந்தாலும், பள்ளி மாணவர் எதிர்கால வேலையைப் பற்றிச் சொல்வது ஒன்று. பத்தாண்டு வேலை பார்த்து மேலாளரான ஒருவர் நடந்துகொள்வது வேறொன்று.

ஓவர்டைம் பதிவேடு

‘எங்கள் காலத்தில் யாரும் நேரத்தைக் கணக்குப் பார்த்ததில்லை’ என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் ஓர் அலமாரியில் இருந்தன. செயல்பாட்டு மேலாளர் மெக்கானிக்காக இருந்த ஆண்டுகளின் ஓவர்டைம் பதிவேட்டைப் புரட்டினால், அவர் உழைத்த ஒவ்வோர் இரவு நேரமும் கால் மணி வரை துல்லியமாகக் குறிக்கப்பட்டு, இரட்டிப்பு ஊதியமும் ஈட்டு விடுப்பும் கொடுக்கப்பட்டிருப்பது தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்குப் பார்க்கவில்லைதான். அவருக்காக நிறுவனம் கணக்குப் பார்த்தது. தம் நேரத்தை யாரோ ஒழுங்காக எண்ணிக்கொண்டிருக்கும்போது, தாம் எண்ணாமல் இருப்பது எளிது.

மேலாளர் நிலையில் ஓவர்டைம் கிடையாது. மூத்தவர் அந்த நிலைக்கு வந்தபோது, இருபது ஆண்டுகள் சேர்ந்த நல்லெண்ணமும், கடைசிச் சம்பளத்தின் அடிப்படையில் கணக்கிடப்படும் ஓய்வூதிய உறுதியும் அவருக்கு இருந்தன. அந்தத் திட்டம் பிறகு புதிதாகச் சேர்வோருக்கு மூடப்பட்டது. திட்ட மேலாளருக்கு அது கிடையாது. இன்று கொடு, பின்னால் பெறுவாய் என்ற பேரத்தில் மூத்தவர் பெரும்பாலும் பெற்றுவிட்டார். இளையவருக்கு அந்தப் பேரமே முன்வைக்கப்படவில்லை. வேலை தருபவருக்கும் செய்பவருக்கும் இடையே எழுதப்படாமல் நிலவும் இத்தகைய எதிர்பார்ப்புகளை உளவியல் ஒப்பந்தம் என்ற பெயரில் டெனிஸ் ரூசோ 1989 முதல் ஆராய்ந்திருக்கிறார். நம் நிறுவனத்தில் ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் மாறியிருந்தது. மறு பக்கம் அப்படியே தொடர வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பலனுக்காகக் காத்திருக்கும் பொறுமை என்ற கூறில் இளையவர் குறைவாகத் தெரிந்தால், அந்தப் பலனை யார் எப்போது தருவதாகச் சொன்னார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

பதிவேட்டைக் காட்டியபோது மூத்தவர் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். சில இரவுகளை நினைவுகூர்ந்து எனக்குச் சொன்னார். கருத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை.

மேலாளரை மேலாளர் அளக்கும்போது

தொழிலாளியின் உழைப்புக்கு அளவு உண்டு: இத்தனை மோட்டார், இத்தனை வால்வு. மேலாளரின் உழைப்பில் பெரும்பகுதி முடிவுகளும் தவிர்ப்புகளும். அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததை அளக்க வேண்டிய இடத்தில், தெரியும் ஒன்றை மனம் பதிலாக எடுத்துக்கொள்கிறது. அலுவலகத்தில் ஒருவர் இருப்பதைப் பார்ப்பது மட்டுமே, அவர் என்ன செய்கிறார் என்று தெரியாத நிலையிலும், அவரைப் பற்றிய தீர்ப்பை உண்டாக்குகிறது என்பதை எல்ஸ்பாக், கேபிள், ஷெர்மன் ஆகியோர் 2010 இல் காட்டினார்கள். வழக்கமான நேரத்தில் காணப்படுபவர் பொறுப்பானவர் என்றும், அதற்கு அப்பாலும் காணப்படுபவர் அர்ப்பணிப்புள்ளவர் என்றும் பார்ப்பவர் தம்மையறியாமலே கருதிவிடுகிறார். எட்டரை மணி விளக்கின் வலிமை அதுதான்.

இன்னொரு சிக்கல், ஒப்பிடப்படுவோர் யார் என்பது. மூத்தவருடன் மெக்கானிக்காகச் சேர்ந்தவர்கள் பலர்; இரவில் வர மறுத்தவர்களும், பாதியில் விலகியவர்களும், ஓய்வு பெறும் வரை மெக்கானிக்காகவே இருந்தவர்களும் அவர்களில் உண்டு. மேலாளராக மிஞ்சியவர் அவர்களில் ஒருவரே. அவர் ‘எங்கள் தலைமுறை’ என்று சொல்லும்போது மனத்தில் நிற்பது தம் உருவம்தான். எதிரில் நிறுத்துவதோ இன்றைய இளைஞர் அனைவரையும். ப்ராட்ஸ்கோ, ஸ்கூலர் ஆகிய இருவரும் 2019 இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவுகிறது. எந்தப் பண்பில் ஒருவர் தாம் சிறந்து விளங்குகிறாரோ, அந்தப் பண்பில்தான் இளையோர் தாழ்ந்துவிட்டார்கள் என்று அவர் கூடுதலாக நினைக்கிறார். நிறையப் படித்தவர், இன்றைய பிள்ளைகள் படிப்பதில்லை என்கிறார். கடும் உழைப்பால் மேலே வந்தவர் உழைப்பைப் பற்றிக் குறைபடுவதில் வியப்பில்லை. மேலாளர்களிடையே இந்தக் குறை ஓங்கி ஒலிப்பதற்கு அவர்களைத் தேர்ந்தெடுத்த முறையே ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அழைப்புப் பதிவேடு

இதுவரை எழுதியதோடு அறிக்கையை முடித்துக் கொடுத்திருக்கலாம். அவசர எண்ணுக்கு வந்த அழைப்புகளின் ஓராண்டுப் பதிவைக் கேட்டு வாங்கியது கிட்டத்தட்ட ஒரு சடங்குக்காகத்தான். அதில் வார இறுதி, இரவு அழைப்புகளைத் தனியே பிரித்தபோது, மிகப் பெரும்பாலானவற்றை எடுத்திருந்தவர் மூத்தவரும் அல்லர், இளையவரும் அல்லர். 44 வயது சேவை மேலாளர். அந்தச் சனிக்கிழமையும் 9.42 மணிக்கு, அலாரம் ஒலித்த இரண்டாவது நிமிடத்தில், அழைப்பை எடுத்தவர் அவரே. ஊருக்கு வெளியே இருந்த இருப்புக் கிடங்கைத் திறக்கச் சொல்லி, மோட்டாரைத் தேடி எடுத்து, மெக்கானிக்குகளை எழுப்பி, வண்டியோடு அனுப்பிவைத்தவரும் அவரே. ‘உதிரி மோட்டார் ஒன்று வந்து சேர்ந்தது’ என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். முதலில் என்னிடம் கதை சொன்ன இருவருமே அதை அப்படித்தான், தானாக வந்ததுபோலச் சொன்னார்கள். நன்றிக் கடிதத்தில் அவர் பெயர் இல்லை.

அவரைத் தனியே சந்தித்தேன். வயதான பெற்றோர் ஒரு பக்கம், பள்ளி செல்லும் பிள்ளைகள் மறு பக்கம், நடுவில் இரவு அழைப்புகள். யாராவது எடுக்க வேண்டுமே என்பதால் எடுத்ததாகச் சொன்னார். முறைப்பணி அட்டவணைக்கான முன்மொழிவை இளையவர் அனுப்பியபோது தாமும் ஆதரித்து எழுதலாம் என்று நினைத்து, இரண்டு பக்கத்துச் சண்டையில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். மூத்தவர் தம் பழைய நெறியைக் கட்டிக்காப்பதாகவும் இளையவர் புதிய எல்லையை நிலைநாட்டுவதாகவும் நினைத்துக்கொண்டிருந்த ஆண்டு முழுவதும், இருவருடைய நிலைப்பாட்டுக்கும் விலை கொடுத்தவர் மூன்றாமவர். தலைமுறை என்ற சொல்லால் நேர்ந்த பெரிய கேடாக நான் கருதுவது, ஒருவரைத் தவறாக மதிப்பிட்டதைக் காட்டிலும், இன்னொருவரைப் பார்க்கவே விடாமல் மறைத்ததைத்தான்.

பரிந்துரைகளும் பின் நடந்தவையும்

அறிக்கையில் நான் கேட்டவை சில. படிவத்திலிருந்து ‘ஈடுபாடு’ என்ற வரியை எடுத்துவிட்டு, ஒப்புக்கொண்ட அழைப்பு முறைகளில் எத்தனை நிறைவேற்றப்பட்டன, எச்சரித்த ஆபத்துகளில் எத்தனை உரியவரின் முடிவு வரை கொண்டுசெல்லப்பட்டன, தமக்கு வந்த எச்சரிக்கைகளில் எத்தனைக்கு ஒரு வாரத்துக்குள் பதில் தரப்பட்டது என்ற மூன்று கேள்விகளை வைக்க வேண்டும். இரண்டாவது இளையவரையும் மூன்றாவது மூத்தவரையும் சுடும் என்று தெரிந்தேதான் எழுதினேன். வார இறுதி அழைப்புக்கு மூவருக்கும் முறை வைத்து, முறையிலிருப்பவருக்கு ஈட்டு விடுப்பு தர வேண்டும். முறையில் இல்லாதவர் கைபேசியை ஒலியின்றி வைப்பது குற்றமாகாது. ஆனால் அவரிடம் மட்டுமே உள்ள தகவல் எதுவும் இருக்கக்கூடாது, இருப்புப் பட்டியலும் இயந்திர விவரங்களும் எல்லோரும் திறக்கும் இடத்துக்கு மாற வேண்டும்.

இளையவரின் மதிப்பெண் மூன்றாக உயர்த்தப்பட்டது. குறிப்பிலிருந்த தலைமுறை என்ற சொல் நீக்கப்பட்டது. ஈட்டு விடுப்பைப் பற்றி நிர்வாகம் இரண்டு மாதம் யோசித்தது. மேலாளர்களுக்கு விடுப்புக் கணக்கு வைத்தால் அவர்களும் மணி பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்று ஓர் இயக்குநர் கவலைப்பட்டார். ஓவர்டைம் பதிவேட்டைக் குறிப்பிட்டு அவருக்குப் பதில் சொன்னவர், நான் எதிர்பாராத விதமாக, செயல்பாட்டு மேலாளர். முதல் வார இறுதியைத் தம் பெயரில் எழுதிக்கொண்டவரும் அவரே. இளையவர் இப்போது அவசரக் கோரிக்கைகளை அட்டவணையில் புதைக்காமல் நேரில் போய்ச் சொல்கிறார்; சொன்ன பிறகும் ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறார்.

மூன்று பெயர்கள் கொண்ட அட்டவணை நடைமுறைக்கு வந்த ஐந்தாம் வாரத்தில் சேவை மேலாளர் விலகல் கடிதம் கொடுத்தார். வேறு இடத்தில் வேலை உறுதியாகியிருந்தது. அதற்கு அவர் விண்ணப்பித்தது அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய மாதம். அவருடைய இடத்துக்கு ஆள் கிடைக்கும் வரை அட்டவணை இரண்டு பெயர்களோடு திருத்தி எழுதப்பட்டிருக்கிறது: ஒரு வாரம் 59 வயதுக்காரர், மறு வாரம் 31 வயதுக்காரர்.